வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே ஊன்றுகோலைப் பற்றிச் சொல்லிவிடலாமா?

கேட்ட தம்பி மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா, அடுத்த செமஸ்டர் தொழிற்பயிற்சி. ஒரு காலில் பலமில்லை. நானும் அந்த ஊர்க்காரிதான். எனக்கும் சின்ன வயதிலிருந்தே காலில் குறை, இப்போது ஈப்போவில் கணக்குப் பிரிவில் வேலை.

சொல்லிவிடுங்கள் தம்பி. ஆனால் காலுக்கு என்ன ஆனது என்ற கதை வேண்டாம், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். "ஊன்றுகோல் பயன்படுத்துகிறேன். தரைத்தளமோ லிஃப்டோ இருந்தால் முழு நேரமும் வேலை செய்வேன்." கடிதத்தின் கடைசியில் இவ்வளவு போதும்.

காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் சின்னக் கணக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் கடைவரிசையின் மாடியில்தான் இருக்கும். கீழே மருந்துக்கடை, பக்கத்தில் ஒடுங்கலாக ஒரு இரும்புக் கதவு, திறந்தால் செங்குத்தான சிமெண்டுப் படி, பிடித்து ஏற ஒரு பக்கம் மட்டும் கம்பி. மூச்சு வாங்க மேலே போய் நின்றால் அவர்கள் கண் சான்றிதழுக்கு வராது, காலிலேயே நிற்கும். அதனால் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டதும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்று வாட்சப்பில் கேளுங்கள். அப்படிக் கேட்டதற்கு ஒரு நிறுவனம் எனக்குப் பதிலே போடவில்லை. இன்னொரு இடத்தில் மேலாளரே இறங்கி வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசினார். அங்கேதான் முதல் வேலை. கீழே இருந்த ஸ்டோர் அறையை ஒழித்து எனக்கு மேசை போட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம், ஓ.கே.யூ. அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை, பயிற்சிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்வதால் அங்குள்ள சமூக நல இலாகாவில் கேட்க வேண்டும். டாக்டர் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். "பிள்ளைக்கு முத்திரை குத்தினமாதிரி ஆயிடும்" என்று வீட்டில் தயங்குவார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு ஓடியது. ஆனால் அட்டை இல்லாமல் எதுவும் நகராது. குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிக்கு மாதாந்திர உதவித்தொகை உண்டு, அதற்கு அட்டை வேண்டும். முதலாளிக்கும் லாபம் இருக்கிறது: உங்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தை வரிக் கணக்கில் இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்ளலாம். சின்ன முதலாளிகள் பலருக்கு இது தெரியாது. கணக்கியல் படித்த நீங்களே எடுத்துச் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு.

அரசாங்க வேலை என்று அப்பா அம்மா காத்திருக்கச் சொல்வார்கள். பொதுச் சேவையில் 1 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்பது கொள்கை. பொதுச் சேவை ஆணையத்தில் கட்டாயம் பதிந்து வையுங்கள், ஆனால் அதையே நம்பிச் சும்மா இருக்காதீர்கள். 2008இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலையில் சம உரிமை என்கிறது, மீறும் முதலாளிக்குத் தண்டனை என்று எதையும் வைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம் அது. பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைதேடல் தளத்திலும் பதியுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை பயணம்தான். தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டி டவுனுக்கு வந்து, அங்கிருந்து ஈப்போவுக்கு பஸ் பிடித்துத் தினமும் போய்வருவது ஊன்றுகோலோடு லேசுப்பட்ட காரியமில்லை. பக்கச் சக்கரம் வைத்த மோட்டார் ஓட்டலாம், ஆனால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, லைசென்ஸ் எல்லாம் முடியக் காலம் பிடிக்கும். அதனால் பயிற்சிக்கு இடம் தேடும்போது முதலில் சுற்றியுள்ள தோட்ட ஆபிஸிலும் செம்பனை ஆலை ஆபிஸிலும் கேளுங்கள். அவை பெரும்பாலும் தரைத்தளக் கட்டடங்கள். செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), சம்பளம், உர இருப்பு, லாரிக் கணக்கு என்று கை நிறைய வேலை இருக்கும். பயிற்சி நன்றாகப் போனால், முடிகிற கடைசி மாதத்தில் நிரந்தர இடம் காலி இருக்கிறதா என்று மேனேஜரிடம் நீங்களே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.