ஜூரிச் போனால் எதை வாங்க, எதை விட?

ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில் என்ன வாங்கலாம், எங்கே வாங்கலாம் என்று கேட்டு இந்த மாதம் ஏழெட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மகள் அங்கே குடியிருப்பதால் இரண்டு முறை போய்த் தங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கேள்வி: மகனுக்கு ஜூரிச்சில் வேலை. மே மாதம் நானும் வீட்டுக்காரரும் மூன்று வாரம் போய் இருக்கப் போகிறோம். திரும்பும்போது ஒறம்பரை, அக்கம்பக்கம் என்று முப்பது வீட்டுக்காவது ஏதாவது கொடுக்க வேண்டும். விலையைக் கேட்டாலே பயமாக இருக்குதுங்க. எங்கே போய் வாங்குவது?
– வாசகி, பெருந்துறை

பதில்: பயப்படாதீர்கள் அம்மணி, முப்பது வீட்டுக்கும் வாங்கிவிடலாம். பான்ஹோஃப்ஸ்ட்ராஸ என்று ஒரு கடைவீதி இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து ஏரி வரைக்கும் ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஊர்க்கோட்டையின் அகழியை 1864-ல் மூடி அதன் மேல் போட்ட வீதி அது. பொழுதோட ஒரு நடை நடந்து கண்ணாடிக்குள் இருக்கும் கைக்கடிகாரங்களையெல்லாம் பார்த்துவிட்டு வாருங்கள், பார்க்கக் காசில்லை. வாங்குவதற்கு மகன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மிக்ரோஸ் அல்லது கோப் கடைக்குப் போங்கள். அந்த ஊர்க்காரர்கள் வாராவாரம் மளிகை வாங்குவது இந்த இரண்டு கடைகளில்தான்.

மிக்ரோஸின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1925-ல் கோட்லீப் டுட்வைலர் என்பவர் ஐந்து லாரிகளில் ஆறே ஆறு சரக்கை ஏற்றிக்கொண்டு ஜூரிச் தெருக்களில் விற்கக் கிளம்பினார். இடையில் இருக்கும் வியாபாரிகளை விலக்கினால் விலை குறையும் என்பதுதான் அவர் கணக்கு. காப்பி, அரிசி, சர்க்கரை, பாஸ்தா, சோப்பு, ஆறாவதாகத் தேங்காய்க் கொழுப்பு! காங்கேயத்துப் பக்கம் களத்தில் கொப்பரை காய்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷம். பிறகு அந்த வியாபாரத்தைக் கூட்டுறவாகவே மாற்றிவிட்டார்.

சாக்லேட்டுக்கு மிக்ரோஸில் ஃப்ரே என்ற அவர்களுடைய சொந்த பிராண்ட் நன்றாக இருக்கும். அதைவிட மலிவாக வேண்டும் என்றால் பச்சை உறை போட்ட எம்-பட்ஜெட் வகை. கோப்பில் அதற்கு ஈடு பிரி கரந்தி. ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் போகிறது என்பதால் முப்பது வீட்டுக்கு இந்தக் கணக்குதான் தாங்கும். ரிக்கோலா மூலிகை மிட்டாயும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், இருமலுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

ஆனால் நான் உங்களிடம் முதலில் வாங்கச் சொல்வது சாக்லேட்டை அல்ல, ரெக்ஸ் என்ற காய் சீவியை. ஒரே அலுமினியத் தகட்டை வளைத்த கைப்பிடி, குறுக்கே ஆடிக்கொடுக்கும் ஒரு பிளேடு, உருளைக்கிழங்கின் கண்ணைத் தோண்ட ஓரத்தில் சின்னதாக ஒரு வளைவு, அவ்வளவுதான். 1947-ல் வடிவமைத்தது, இன்றைக்கும் அதே வடிவம், 2004-ல் தபால்தலையிலேயே போட்டுவிட்டார்கள். சில ஃபிராங்குகளுக்குக் கிடைக்கும், எடையே தெரியாது. என் மாமியார் நாலு வருடமாக மாங்காய், சுரைக்காய் எல்லாம் அதில்தான் சீவுகிறார். தோல் காகிதம் மாதிரி வரும். பத்து வீட்டுக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த முறை யார் போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

சாக்லேட்டைக் கடைசி நாளில் வாங்குங்கள், முடிந்தவரை கைப்பையில் கொண்டு வாருங்கள். முதல் முறை நான் இரண்டு கிலோவைப் பெட்டியின் மேல் உறையில் வைத்துவிட்டேன். கோவை விமான நிலையத்தில் இறங்கிக் கார் டிக்கியில் பெட்டியைப் போட்டு மத்தியான வெயிலில் கோபிக்குப் போய்ச் சேர்ந்தால், தனித்தனியாக இருந்த உருண்டையெல்லாம் ஒரே பாளமாகிவிட்டது. குளிர்பெட்டியில் வைத்ததும் மேலே வெள்ளையாகப் பூத்துக்கொண்டது. அது பூஞ்சை இல்லை, உருகின கோக்கோ வெண்ணெய் மேலே வந்து உறைவது. தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் ஒருத்தருக்குக் கொடுக்க மனசு வராது. பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றால் நடுவில், சேலைகளுக்கு உள்ளே வையுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். அங்கே சாக்லேட், சீஸ் எல்லாம் நம்பி வாங்கலாமா?
– வாசகர், அவிநாசி

பதில்: லேபிளைப் படித்து வாங்கலாம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் அச்சிட்டிருப்பார்கள், நீங்கள் சில ஜெர்மன் வார்த்தைகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ‘கெலாட்டீன’ என்றால் ஜெலட்டின், ‘ரிண்ட்’ மாடு, ‘ஷ்வைன்’ பன்றி. ‘கிர்ஷ்’ என்று இருந்தால் செர்ரிப் பழச் சாராயம் கலந்த சாக்லேட், குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சீஸில் ‘லாப்’ என்ற வார்த்தையைத் தேடுங்கள். பால் திரிக்கப் போடும் பொருள் அது, பெரும்பாலும் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. பெயர்பெற்ற குருயேர் சீஸ் அப்படித்தான் செய்கிறார்கள், அதனால் உங்களுக்கு அது வேண்டாம். மஞ்சள் வட்டத்துக்குள் இலை முளைத்த ‘வி’ எழுத்து இருந்தால் இறைச்சி கலக்காதது, ஆனால் முட்டை இருக்கலாம்.

பாரடேபிளாட்ஸ் சதுக்கத்தில் 1859-லிருந்து ஸ்ப்ரூங்லி கடை இருக்கிறது. அங்கே லுக்ஸெம்பூர்கர்லி என்று விரலால் எடுத்தாலே நொறுங்குகிற மாதிரி குட்டி குட்டி மக்ரூன் விற்பார்கள். நம் தூத்துக்குடி மக்ரூனைப் போலவே முட்டை வெள்ளைக்கருவில் செய்தது, ஆனால் நடுவில் கிரீம். முட்டை சாப்பிடாதவர்கள் விட்டுவிடுங்கள். சாப்பிடுகிறவர்கள் அங்கேயே சாப்பிட்டு விடுங்கள், சில நாள்தான் தாங்கும்.

கேள்வி: ஏனுங்க, லாரியில் போட்டுக் கழித்த தார்பாயில் பை தைத்து ஜூரிச்சில் பெரிய விலைக்கு விற்கிறார்களாமே? வாங்குவதற்கு அர்த்தம் இருக்கிறதா?
– வாசகர், சங்ககிரி

பதில்: நூற்றுக்கு நூறு உண்மை. ஃப்ரைடாக் என்று பெயர். மார்க்குஸ், டானியல் என்ற அண்ணன் தம்பி 1993-ல் ஆரம்பித்தார்கள். சைக்கிளில் போகும்போது மழையில் நனையாத பை வேண்டும் என்று யோசித்தவர்கள், வீட்டு ஜன்னலில் தினமும் பார்க்கும் லாரிப் படுதாவையே வெட்டித் தைத்தார்கள். தோள்பட்டைக்குக் காரின் சீட் பெல்ட், ஓரத்துக்குச் சைக்கிள் டியூப்.

ஹார்ட்புருக்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்கள் கடை, துருப்பிடித்த சரக்குக் கன்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் மாதிரி கட்டியது. உச்சி வரை ஏறலாம், அங்கிருந்து ரயில் பாதைகள் விரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். உள்ளே நான் ஒரு பையை எடுத்துத் தடவிப் பார்த்தேன். நீலப் படுதா, அதில் ஏதோ கம்பெனிப் பெயரின் ஒரு எழுத்து பாதி வெட்டுப்பட்டு நின்றது, மூட்டை கட்டின கயிறு உரசின கோடுகூட அப்படியே இருந்தது. எந்த இரண்டு பையும் ஒன்றுபோல இருக்காது. பெரும்பாலான பைகள் நூறு ஃபிராங்கைத் தாண்டும். எல்லோரும் வாங்க வேண்டியதில்லை, ஆனால் உங்களைப் போல லாரித் தொழிலில் இருப்பவர் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் படுதாவுக்குப் பஞ்சமா, திருப்பூரில் தைக்கிற கைக்குப் பஞ்சமா? ஒரு பையை வாங்கி வந்து தையலைப் பிரித்துப் பாருங்கள், அந்தக் காசு வீண் போகாது.

கேள்வி: டி-ஷர்ட், ஜாக்கெட் எல்லாம் அங்கே தரமாகக் கிடைக்குமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பாருங்கள், பல இடத்தில் இந்தியாவில் தயாரானது என்றுதான் இருக்கும். உங்கள் ஊர்ச் சரக்கைத் திரும்பச் சுமந்து வர வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டும் என்றால் கரன் டாஷ் கலர் பென்சில் வாங்குங்கள். ஜெனீவாவில் 1915-லிருந்து செய்கிறார்கள்.

கேள்வி: மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் வாங்க ஆசை. வரியைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்கிறார்களே?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: கொடுப்பார்கள். ஒரே கடையில் 300 ஃபிராங்குக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும், அந்தக் கடை அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் கேட்டு வாங்க வேண்டும். விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே சுங்கத்தில் முத்திரை வாங்கிவிடுங்கள். வரி 8.1 சதவீதம், இடையில் கட்டணம் பிடிப்பதால் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். கார்டு தேய்க்கும்போது ரூபாயா ஃபிராங்கா என்று மெஷின் கேட்டால் ஃபிராங்கையே அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் மாற்று விலையில் நஷ்டம். கையில் கட்டிக்கொண்டு வந்தாலும் நம் சுங்கக் கணக்கில் அது சேரும், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பெரிய பிராண்டுக்குப் பணம் இல்லை என்றால் குறையே இல்லை. மொண்டைன் என்று ஒன்று இருக்கிறது, ரயில் நிலையங்களில் தொங்கும் கடிகாரத்தின் அதே முகம். 1944-ல் ஹன்ஸ் ஹில்ஃபிக்கர் வரைந்தது. நிலையத்துக் கடிகாரத்தில் அந்தச் சிவப்பு வினாடி முள் ஒவ்வொரு சுற்றின் உச்சியிலும் ஒரு நொடிக்கும் மேல் நின்று, நிமிட முள் நகர்ந்ததும் திரும்பக் கிளம்பும். ரயிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு நேரம். கடை இருக்குமா? காளைக்கு ஒரு மணி வாங்க வேண்டும்.
– வாசகர், தாராபுரம்

பதில்: ஊரே மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக்குள்ளும் விமான நிலையத்திலும் கடை உண்டு. சனிக்கிழமை ஒதுக்க முடிந்தால் மே முதல் அக்டோபர் வரை ஏரிக்கரையில் புர்க்லிபிளாட்ஸில் பழைய சாமான் சந்தை கூடும், அங்கே மாட்டு மணி தேடிப் பாருங்கள். வார்ப்பு வெண்கலம், தகட்டை அடித்துச் செய்தது என இரண்டு விதம் உண்டு. பெரியது பல கிலோ கனக்கும், நம் காங்கேயம் காளைக்குச் சின்னதே போதும்.

கேள்வி: சிவப்புக் கைப்பிடி போட்ட ஸ்விஸ் கத்தி வாங்கலாமா?
– வாசகி, கோபி

பதில்: தாராளமாக. விக்டோரினாக்ஸ் 1884-லிருந்து இபாக் என்ற ஊரில் இருக்கிறது. சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன அளவே போதும், கத்தரிக்கோலும் நகம் ராவும் அரமும் அதிலேயே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அதைப் பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். அண்ணனுக்கு என்று பெயர் பொறித்து வாங்கினதை நான் கைப்பையில் மறந்து வைத்துவிட்டேன், சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும் முன் கைப்பையை ஒரு தரம் கட்டிலில் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.