பழைய சந்துகளில் படம் எடுக்க எந்த நேரம் சரி?

கேள்வி: நகரத்தின் பழைய பகுதிகளில் ஆறு மாதமாகப் படம் எடுத்து வருகிறேன். காலை, மாலை இளவெயிலில்தான் போகிறேன். ஆனாலும் காரை பெயர்ந்த சுவர், துருப்பிடித்த கதவு என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. ஆட்களை எடுக்கக் கூச்சம். துணிந்து எடுத்தாலும் ஃபோகஸ் தவறிவிடுகிறது. கையில் இருப்பது 35 மி.மீ. லென்ஸ். வேறு வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அதுவே போதும். மாற்ற வேண்டியது நீங்கள் போகும் நேரத்தை.

இளவெயில் யோசனை வெட்டவெளிக்குச் சரி. பழைய சந்துகள் குறுகலானவை; இரண்டு பக்கமும் சுவர் உயர்ந்து நிற்கும். சூரியன் தாழ இருக்கும்போது வெயில் பெரும்பாலும் மொட்டைமாடி விளிம்போடு நின்றுவிடும், தரைக்கு இறங்காது. சந்து வடக்கு தெற்காக ஓடினால் உச்சிப்பொழுதை ஒட்டிச் சிறிது நேரம்தான் தரையில் வெயில் விழும். கிழக்கு மேற்காக ஓடினால் காலையிலோ மாலையிலோ நீளவாக்கில் நுழையும். அதுவும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் விலகும். ஆக, ஃபோனில் இருக்கும் திசைகாட்டியை முதலில் பாருங்கள், கேமராவை அப்புறம் எடுக்கலாம்.

இப்படி விழும் வெயில் ஒரு பட்டையாகத்தான் விழும், சுற்றிலும் நிழல். கேமராவின் தானியங்கி கணக்கு நிழலைப் பார்த்து ஏமாந்து, வெயில் பட்ட இடத்தை வெளுக்க வைத்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறையுங்கள். நிழல் கறுத்தால் கறுக்கட்டும். பிறகு அந்தப் பட்டைக்கு எதிரே மூன்று மீட்டர் தள்ளி நின்றுவிடுங்கள். நடப்பது மற்றவர்கள் வேலை.

ஃபோகஸ் தொல்லையும் இதிலேயே தீரும். ஆட்டோஃபோகஸை அணைத்து, தூரத்தை 3 மீட்டரில் வைத்து, அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப் 8 ஆக்குங்கள். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக விழும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 2.2 முதல் 5 மீட்டர் வரை சுருங்கும். நடப்பவருக்கு ஷட்டர் 1/250 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும். மங்கலான படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் மேல்.

கூச்சத்துக்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் ஒரே இடத்தில் கால்மணி நேரம் நின்றால் அந்தத் தெரு உங்களைக் கவனிப்பதை விட்டுவிடும். மறைந்திருந்து பெரிய ஜூமில் எடுப்பவர்மேல்தான் சந்தேகம் அதிகம் வரும். யாராவது வேண்டாம் என்றால் படத்தைக் காட்டி, அவர் கண்முன்னே அழித்துவிடுங்கள். பொது இடத்தில் படம் எடுக்கும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. எங்கே ஆனாலும், அது அவர்கள் குடியிருக்கும் வாசல்.

சரி, சுவருக்கு வருவோம். காரை பெயர்ந்த சுவர் எந்த ஊரிலும் ஒன்றுபோலத்தான் பெயர்கிறது! பிரான்ஸின் யூஜின் அட்ஜே 1890களின் இறுதியிலிருந்து 1927இல் இறக்கும்வரை பழைய பாரிஸைப் பெரிய மரக் கேமராவில், 18க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகளில் பதித்துக்கொண்டே இருந்தார். பல படங்களில் ஆளே இல்லை. ஆனால் கடையின் பெயர்ப்பலகை, வாசலில் அடுக்கிய சரக்கு, படிக்கட்டின் கைப்பிடி எல்லாம் துல்லியமாக இருக்கும். அவர் எடுத்தது அந்த வாசலை, அந்தக் கடையை. பொதுவாகப் ‘பழமை’ என்ற ஒன்றை அல்ல. நீங்களும் சித்திரத் தூணில் அறைந்த மின்மீட்டரையும், குறுக்கே போகும் கேபிளையும், பின்னால் எழும்பும் கண்ணாடிக் கட்டடத்தையும் ஓரத்தில் வெட்டிவிடாதீர்கள். இரண்டு அடி பின்னால் போய்ச் சேர்த்தே எடுங்கள்.

வண்ணத்துக்கு ஒரே ஒரு சொல்: கேமரா தானே நிறத்தைத் திருத்தும் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் மங்கிய நீலச் சுவரைச் சாம்பலாக்கிவிடும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்திவிட்டு, ரா ஃபைலாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) எடுங்கள். பழுப்புச் சாயம் ஏற்றும் செபியா வேண்டவே வேண்டாம்.

வீடு வந்ததும் தெருவின் பெயரையும் தேதியையும் ஃபைலோடு எழுதி வையுங்கள். என் பழைய படங்கள் பாதி எந்தச் சந்து என்று எனக்கே இப்போது தெரியவில்லை.