டைச்சி சுசூகி யார்? 15 மீட்டர் விதிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ஜப்பானின் சிபா மாகாணத்துக்காரர், பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்தும் போட்டி) வீரர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் இல்லை. பெயர் வாங்கியது 1988 சியோலில், 100 மீட்டரில்.

மல்லாந்து நீந்தும்போது மேற்பரப்பில் அலை இழுத்துப் பிடிக்கும். தண்ணீருக்குள்ளேயே இரு கால்களையும் சேர்த்து டால்ஃபின் மாதிரி உதைத்துப் போனால் அந்தத் தொல்லை குறைவு, மூச்சுதான் முட்டும். இதில் மன்னன் அமெரிக்காவின் டேவிட் பெர்க்காஃப். காலையில் தகுதிச் சுற்றிலேயே 54.51 வினாடி, உலக சாதனை. சுசூகிக்கும் அந்த வித்தை தெரியும், ஆனால் வழக்கமாக 21 உதை, சுமார் 25 மீட்டரோடு மேலே வந்துவிடுவார். இறுதிப் போட்டியில் அதை 27 உதையாக்கி, கிட்டத்தட்ட 30 மீட்டர் வரை உள்ளேயே போனார். முதல் பாதியில் பெர்க்காஃப்தான் முன்னால். கடைசி சில மீட்டரில் சுசூகி எட்டிப் பிடித்துச் சுவரைத் தொட்டார்: 55.05. பெர்க்காஃப் 55.18, சோவியத்தின் இகோர் பொலியான்ஸ்கி 55.20. மூன்று பேருக்கும் நடுவே ஒரு கண்சிமிட்டல்கூட இல்லை!

நீச்சலில் ஜப்பானுக்கு 16 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது.

சரி, விதி? பாதிக் குளத்துக்கு மேல் ஆளையே காணோம் என்றால் அது பேக்ஸ்ட்ரோக்கா என்று கேள்வி எழுந்தது. தண்ணீருக்குள்ளேயே போகும் தூரத்துக்கு முதலில் 10 மீட்டர் வரம்பு வைத்தார்கள், பிறகு 15 ஆக்கினார்கள். இன்றும் அதுதான். என்னைக் கேட்டால் நியாயமான விதிதான்.

சுசூகி அப்புறம் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 2015-இல் ஜப்பான் விளையாட்டு முகமையின் முதல் தலைவரும் அவரே.