ஆட்டோக்காரருக்குத் தெரிந்தது மகனுக்குத் தெரியவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை கிடையாது. சிறுநீரகம் செயலிழந்து, வாரம் 3 நாள் டயாலிசிஸ். ஐஸ்கிரீம், குல்ஃபி எதையும் வீட்டில் வைப்பதில்லை. ஆனால் டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் இறங்கி ஜிகர்தண்டா சாப்பிடுகிறாராம். வழக்கமாகக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் சொல்லித்தான் எனக்கும் தம்பிக்கும் தெரிந்தது. கண்டித்தும் கேட்கவில்லை. இதையெல்லாம் கொஞ்சமாவது சாப்பிடலாமா? இவரை எப்படித் திருத்துவது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆட்டோக்காரர் சொன்னதாகப் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. இரண்டு மகன்கள் இருக்கிற வீடு. ஊசி குத்திய கையை அசைக்காமல் 4 மணி நேரம் கிடந்த மனிதர் தனியாக ஆட்டோ ஏறி வருகிறார். டயாலிசிஸ் முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு நனைந்து ரத்தம் கசிந்தால் உடனே அழுத்திப் பிடிக்க வேண்டும். யார் பிடிப்பார்? லீவு கிடைக்காது என்பீர்கள். வாரம் 3 நாளை இரண்டு பேர் பிரித்துக்கொள்ள முடியாதா? மருந்துச் செலவைக் கட்டியதோடு பிள்ளையின் கடமை முடிந்தது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட ஒருவர் வந்திருந்தால், தண்ணீரை அளந்து குடிக்கும் உங்கள் அப்பா நாக்கு வறண்டு தவிப்பது உங்களுக்கு என்றைக்கோ தெரிந்திருக்கும்.

சரி, ஜிகர்தண்டாவுக்கு வருகிறேன். அது அவருக்கு வேண்டவே வேண்டாம். பாலைச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் போகும். பொட்டாசியமும் பாஸ்பரஸும் அப்படியே நிற்கும். அதன் மேல் பாசுந்தி, ஐஸ்கிரீம் வேறு. குல்ஃபியும் இதே கதைதான், கூடவே பாதாம், பிஸ்தா. டயாலிசிஸ் பாஸ்பரஸை ஓரளவுக்குத்தான் எடுக்கும். மிச்சம் ஏறிக்கொண்டே போனால் உடம்பெல்லாம் அரிக்கும், எலும்பு பலமிழக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அதற்காக ஐஸ்கிரீமை அடியோடு நிறுத்தவும் தேவையில்லை. ரத்தப் பரிசோதனையில் இரண்டும் கட்டுக்குள் இருந்தால், டயட்டீஷியனைக் கேட்டுக்கொண்டு எப்போதாவது சின்ன கப் வெனிலா கொடுக்கலாம். 60 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 65 மில்லிகிராம் இருக்கும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 800 முதல் 1000 வரை என்பதுதான் பொதுவாகச் சொல்கிற அளவு. சாக்லேட்டும் நட்ஸும் கலந்தது வேண்டாம். டப்பாவில் பாஸ்பேட் என்றோ, அதைக் குறிக்கும் 339, 450 என்ற எண்களோ இருந்தால் வாங்காதீர்கள். அப்படிச் சேர்த்த பாஸ்பேட், பாலில் இயல்பாக இருப்பதைவிட அதிகமாக உடம்பில் ஏறும். ஐஸ்கிரீம் உருகினால் தண்ணீர்தானே? அன்றைய தண்ணீர்க் கணக்கில் அதையும் சேருங்கள். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு போடும் மாத்திரை இருந்தால், அந்த வேளையிலேயே கப்பையும் கொடுங்கள். தனியாக இன்னொரு நேரத்தில் கொடுத்தால் மாத்திரை உதவாது.

அடுத்த டயாலிசிஸுக்கு நீங்கள் போங்கள். வழியில் கடையில் நிறுத்தச் சொன்னால் திட்டாதீர்கள். வீட்டுக்குக் கூட்டி வந்து, சாப்பாட்டோடு ஒரு கப் வெனிலாவை உங்கள் கையால் கொடுங்கள். அதற்கடுத்த முறை உங்கள் தம்பி போகட்டும்.