கேமரா இரவில் தானே திரும்புவது பற்றி

வணக்கம். கடையின் சுழல் கேமரா இரவில் தானே திரும்புவதாகவும், பொருத்தியவர் வைத்த கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். கேமரா குறித்த நேரத்தில் தானே சுற்றிப் பார்க்கும் அமைப்பு இயக்கத்தில் இல்லையெனில், வெளியாள் எவரேனும் இணையம் வழியே அதற்குள் நுழைந்திருக்கக்கூடும். முதலில் டிவிஆரின் (கேமராக் காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) இணையக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பதிவு ஹார்ட் டிஸ்கில் வழக்கம்போல் தொடரும். பிறகு ரவுட்டரில், வெளியிலிருந்து இணையம் வழியே டிவிஆரை அடைய வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங், அத்தகைய வழியைத் தானாகவே திறக்கும் யுபிஎன்பி இரண்டையும் அணைத்து, டிவிஆரில் உங்களுக்குத் தெரியாத பயனர் பெயர் ஏதும் இருந்தால் நீக்கிவிட்டு, கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்னும் தீநிரல், கருவிகளுக்குத் தயாரிப்பின்போதே வைக்கப்படும் ஏறத்தாழ 60 கடவுச்சொற்களை மட்டுமே முயன்று கேமரா, டிவிஆர், ரவுட்டர் என லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. சிலவற்றில் கடவுச்சொல் ஃபர்ம்வேரிலேயே (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) பதிக்கப்பட்டிருந்ததால், திரையில் மாற்றியவர்களுக்கும் (பாவம்) பயனில்லை. ஆகவே, உங்கள் பெட்டிக்குப் புதிய ஃபர்ம்வேர் வருவது நின்றுவிட்டிருந்தால், அதை மீண்டும் இணையத்தில் இணைக்காதீர்கள்.