தலையங்கம் படிக்கிற பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்?

அம்மா, பிளஸ் டூ படிக்கிற மகள் எந்நேரமும் நடுப்பக்கக் கட்டுரைகளோடு இருக்கிறாள், "பத்திரிகையில எழுதப் போறேன்" என்கிறாள் என்று கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருத்துக் கட்டுரை எழுதுவது யாருக்கும் முதல் வேலையாகக் கிடைப்பதில்லை. நிருபராகவோ உதவி ஆசிரியராகவோ சில வருடம் உழைக்க வேண்டும். தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது.

சரி, அவள் அந்தக் கட்டுரைகளை எப்படிப் படிக்கிறாள்? அதைத்தான் நான் பார்ப்பேன். உதாரணத்துக்கு, தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-இல் சட்டமானது. எல்லோரும் எழுதுவது ஒரே நீட், மதிப்பெண் கூடியவருக்கு இடம் போவதுதானே முறை என்பது ஒரு தரப்பு. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவரும் முடியாதவரும் ஒன்றா என்பது மறுதரப்பு. முதலாமவர் தேர்வு நாளிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். மற்றவர் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறார். சட்டமும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. சண்டை எங்கே இருக்கிறது என்று இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அப்புறம், அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் இந்த ஒதுக்கீட்டில் வரவில்லை. அதே தெரு, அதே கூலி வேலை செய்கிற அப்பா, பள்ளி மட்டும் வேறு. ஒதுக்கீட்டை ஆதரிக்கிறவர் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் தாண்டிப் போகிற கட்டுரையை நான் மதிப்பதில்லை, அவர் பக்கம்தான் நானும் என்றாலும்.

பிளஸ் டூ முடித்ததும் இதழியல்தான் சேர வேண்டும் என்றில்லை. சட்டம், பொருளாதாரம், வரலாறு எதையாவது படிக்கட்டும். பிறகு சென்னை ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஒரு வருட முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. நடுவில் மனசு மாறினாலும் நஷ்டமில்லை. இப்படிப் படிக்கிற பழக்கம் மற்ற தேர்வுகளுக்கும் உதவும். சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான கிளாட்டில் பத்தியைக் கொடுத்துத்தான் கேள்வி கேட்கிறார்கள். ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கான யுபிஎஸ்சி மெயின்ஸில் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண், அறநெறித் தாளுக்கு இன்னொரு 250.

இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுரை போதும். எழுதியவரின் வாதத்தை நாலு வரியில் எழுதட்டும். எதிர்வாதத்தை, அந்தத் தரப்பினரே "ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்" என்று ஒப்புக்கொள்ளும்படி இன்னொரு நாலு வரியில் எழுதட்டும். பொதுத்தேர்வு வரை அதற்கு மேல் வேண்டாம். கணக்குப்பதிவியலில் மதிப்பெண் குறைகிறது என்றீர்களே, மற்ற நாட்களை அதற்குக் கொடுக்கட்டும்.