சைஃபுல் மலூக் யாருடைய பிரதிநிதி?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மத நல்லிணக்கம் பற்றி நீங்கள் எழுதுபவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறவன். ஆனாலும் ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. 2010ல் மூவாற்றுப்புழாவில் ஒரு கேள்வித்தாளுக்காகப் பேராசிரியரின் கையை வெட்டினார்கள். 2015ல் பாரிசில் கேலிச்சித்திரங்களுக்காகப் பத்திரிகை அலுவலகத்தில் புகுந்து சுட்டார்கள். 2022ல் உதய்பூரில் ஒரு தையல்காரரை அவர் கடையிலேயே கொன்றார்கள். மூன்றுக்கும் சொன்ன காரணம் ஒன்றுதான், நபியை அவமதித்தார்கள் என்பது. "இதெல்லாம் தற்செயலா?" என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

உதய்பூர் கொலைக்கு மறுநாள், அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் முஸ்லிம் நண்பரிடம், "உங்கள் ஆட்கள் ஏன் இதையெல்லாம் கண்டிப்பதில்லை?" என்று கேட்டேன். குத்திக்காட்டும் எண்ணம் இல்லை, நட்போடுதான் கேட்டேன். "கொலை கொலைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எங்களுக்குள் பழைய சகஜம் இல்லை. நல்ல முஸ்லிம்கள் வெளிப்படையாகப் பேசினால்தானே மற்றவர்களின் எண்ணம் மாறும்? மத உணர்வைப் புண்படுத்துவதற்கு எதிராக இன்னும் கடுமையான சட்டம் இருந்தால் இந்தச் சண்டைகளே வராது என்றும் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொன்ன மூன்றும் நடந்தவை. செய்தவர்கள் தங்களை முஸ்லிம்களாகவே கருதினார்கள், மதத்தின் பெயரால்தான் செய்தார்கள். "அவர்கள் உண்மையான முஸ்லிம்களே அல்லர்" என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அது செத்தவர்களுக்கும் கையிழந்தவருக்கும் செய்யும் அநீதி. ஆனால் உங்கள் பட்டியலில் விடுபட்டவர்கள் பலர் இருக்கிறார்கள். பாகிஸ்தான் வழக்கறிஞர் சைஃபுல் மலூக் அவர்களில் ஒருவர். அவர்களைச் சேர்த்துப் பார்த்தால் சித்தப்பாவின் கேள்வியே வேறாகிவிடும்.

கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் விரும்பும் கடுமையான சட்டம் பக்கத்து நாட்டில் இருக்கிறது. ஜியா உல் ஹக் ஆட்சியில், 1986ல், பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில் 295-சி பிரிவு சேர்க்கப்பட்டது. நபியை அவமதித்தால் மரண தண்டனை. அது என்ன செய்தது என்பதற்கு ஆசியா பீபி வழக்கைப் பாருங்கள்.

2009 ஜூன் மாதம். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இட்டன்வாலி என்ற கிராமம். வெயிலில் ஃபால்சா பழம் பறிக்கும் கூலிப் பெண்களில் ஆசியாவும் ஒருவர். கிறிஸ்தவர். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, கிறிஸ்தவப் பெண்ணின் கையால் குடிக்க மாட்டோம் என்று உடனிருந்த இரு பெண்கள் மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றியது. நம் கிராமத்துத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டையை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாகிஸ்தான் பஞ்சாபின் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலானோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதம் மாறிய தீண்டப்படாத சாதிகளின் வழிவந்தவர்கள். மதம் மாறியும் குவளை மாறவில்லை. ஒரு தண்ணீர்ச் சண்டை ஐந்து நாள் கழித்து, உள்ளூர் மதகுரு ஒருவரின் புகாரால், நபி அவமதிப்பு வழக்காகிக் காவல் நிலையத்தில் பதிவானது. 2010 நவம்பரில் ஆசியாவுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

அப்போது பஞ்சாப் மாகாண ஆளுநராக இருந்தவர் சல்மான் தசீர். முஸ்லிம். சிறைக்கே போய் ஆசியாவைச் சந்தித்தார், அவரை அருகில் உட்காரவைத்துக்கொண்டு பத்திரிகையாளர்களிடம் பேசினார். இதைக் கறுப்புச் சட்டம் என்றார், மன்னிப்பு வழங்கக் கோரினார். 2011 ஜனவரி 4 அன்று இஸ்லாமாபாத்தில் அவருடைய சொந்தப் பாதுகாவலரான மும்தாஜ் காதிரியே அவரைச் சுட்டுக் கொன்றார். நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்பட்ட காதிரி மீது வழக்கறிஞர்கள் ரோஜா இதழ்களைத் தூவினார்கள்.

வழக்கறிஞர்கள் மலர் தூவும் ஊரில் அந்தக் கொலையாளிக்கு எதிராக யார் வாதாடுவது? அரசுத் தரப்பில் நின்றவர் சைஃபுல் மலூக். தண்டனை பெற்றுக்கொடுத்தார். தீர்ப்பு எழுதிய நீதிபதி நாட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதோடு மலூக் ஒதுங்கிக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அடுத்து எடுத்துக்கொண்டது ஆசியா பீபியின் மேல்முறையீட்டை.

2018 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஆசியாவை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு வாசிக்கத் தக்கது. ஊர்க் கூட்டத்தில் ஆசியா குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதுதான் வழக்கின் ஆணிவேர். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால், ஒரு சாட்சி இருநூறு, இருநூற்றைம்பது பேர் என்கிறார். இன்னொருவர் ஆயிரத்துக்கு மேல் என்கிறார். மற்றொருவர் இரண்டாயிரத்துக்கு மேல். கூட்டம் எந்த வீட்டில் நடந்தது என்பதிலும் முரண். தண்ணீர்ச் சண்டையைப் புகார் கொடுத்த தரப்பு மறைத்துவிட்டதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் கொடுமை இழைப்பவர் மீது மறுமை நாளில் தாமே முறையிடப்போவதாகச் சொல்லும் நபிமொழி ஒன்றை மேற்கோள் காட்டித் தீர்ப்பு முடிகிறது. எழுதிய நீதிபதிகள் முஸ்லிம்கள். வாதாடியவர் முஸ்லிம். இதற்காக உயிரைக் கொடுத்த ஆளுநர் முஸ்லிம்.

தீர்ப்பு வந்த அன்றே சாலைகள் முடக்கப்பட்டன. மூன்று நாள் நாடு ஸ்தம்பித்தது. நீதிபதிகளைக் கொல்லுங்கள் என்று மேடையில் நின்று அழைப்பு விடுத்தார்கள். இந்தப் போராட்டத்தை நடத்திய கட்சி அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த பொதுத் தேர்தலில் இருபது லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கியிருந்தது. இதை மறைத்துவிட்டு மலூக்கைப் பற்றி மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன். ஆனால் நம் தொலைக்காட்சிகளில் அந்த மூன்று நாளும் நீங்கள் பார்த்திருக்கக்கூடியது எரியும் டயர்களை மட்டும்தான். தீர்ப்பின் பக்கங்களை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

சட்டம் கடுமையானதும் சண்டை குறைந்ததா? 1986க்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் பாகிஸ்தான் பகுதியில் மிகச் சிலவாக இருந்த மத அவமதிப்பு வழக்குகள், பிறகு ஆயிரத்தைத் தாண்டின. நிலத் தகராறு, கடன் தகராறு, வேலையிடப் பொறாமை எல்லாவற்றுக்கும் இந்தப் பிரிவு கைகொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முஸ்லிம்கள் என்பதைச் சித்தப்பாவிடம் தவறாமல் சொல்லுங்கள். அரசு இதுவரை ஒருவரையும் இந்தப் பிரிவில் தூக்கிலிட்டதில்லை. கொன்றது எல்லாம் கும்பல்களும் தனிமனிதர்களும்தான். குற்றச்சாட்டு என்ற ஒன்றே கொல்வதற்குப் போதுமான அனுமதியாகிவிடுகிறது.

நம் நாட்டுச் சட்டத்தின் கதையும் வெகுதூரத்தில் இல்லை. 1924ல் லாகூரில் நபியைப் பற்றிய ஒரு சிறுநூல் வெளிவந்து பெரும் கொந்தளிப்பானது. இருக்கிற சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று உயர் நீதிமன்றம் 1927ல் பதிப்பாளரை விடுவித்தது. அதே ஆண்டில், மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295-ஏ பிரிவு கொண்டுவரப்பட்டது. இன்று பாரதிய நியாய சம்ஹிதாவில் 299ஆம் பிரிவாக இருப்பது அதுதான். சட்டம் வந்த இரண்டாம் ஆண்டில் அந்தப் பதிப்பாளர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். எழுத்தைக் கண்டிக்கலாம், மறுத்து எழுதலாம், வாங்காமல் இருக்கலாம். புண்பட்டேன் என்பவருக்கெல்லாம் ஒரு காவல் நிலையத்தைத் திறந்துவைக்கக் கூடாது. எந்த மதத்துக்காகக் கேட்டாலும் என் நிலை இதுதான்.

இனி உங்கள் பட்டியல். பாரிஸ் தாக்குதலைச் சொன்னீர்கள். அன்று அந்த அலுவலகத்துக்கு வெளியே, நடைபாதையில் காயம்பட்டுக் கிடந்த நிலையில் சுட்டுக் கொல்லப்பட்ட காவலரின் பெயர் அகமது மெராபெத். முஸ்லிம். சுட்ட சகோதரர்களும் அவரும் அல்ஜீரியாவிலிருந்து பிரான்சுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். இரண்டு நாள் கழித்து பாரிசில் ஒரு யூதர் கடைக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தபோது, வாடிக்கையாளர்களைக் கீழ்த்தளக் குளிர்பதன அறையில் ஒளித்துவைத்தவர் அங்கே வேலை பார்த்த லஸ்ஸானா பத்திலி, மாலி நாட்டு முஸ்லிம். இந்த இருவர் பெயரும் நம் நினைவில் ஏன் நிற்கவில்லை?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2017 மார்ச்சில் கோவையில் பாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்தில் இருந்தவர், கடவுள் மறுப்பை வெளிப்படையாகப் பேசியவர். அதற்காகவே கொல்லப்பட்டார் என்பது வழக்கு. தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் 2007ல் ஒரு கட்டுரைக்காகத் தம் ஜமாஅத்தால் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். அதன் பிறகும் எழுதினார். ஊர்விலக்கம் என்றால் கல்யாணம், சாவு, பள்ளிவாசல் எல்லாவற்றிலிருந்தும் வெளியே நிற்பது. "நல்ல முஸ்லிம்கள் ஏன் பேசுவதில்லை" என்று நாம் கேட்கிறோம். பேசியவர்கள் இங்கேயே, தமிழிலேயே பேசினார்கள். விலையும் கொடுத்தார்கள். அப்போது நாம் எத்தனை பேர் அவர்கள் பக்கம் போய் நின்றோம்?

தற்செயலா என்றால், இல்லை. மனம் புண்படுவதை ஓர் அரசியலாக நடத்தும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அமைப்புகள் உண்டு, மேடைகள் உண்டு, தேர்தல் கணக்குகளும் உண்டு. முஸ்லிம்கள் அனைவருக்காகவும் பேசும் உரிமை தங்களுக்கு மட்டுமே என்பதே அவர்களின் முழுமுதல் கோரிக்கை. மலூக்கையும் ரசூலையும் அவர்கள் வெறுப்பதற்குக் காரணம், அந்த உரிமையை இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான். "அவர்கள் எல்லோரும் இப்படித்தான்" என்று சித்தப்பா எழுதும்போது, கொலையாளி கேட்ட பிரதிநிதிப் பதவியை அவரே கொடுத்துவிடுகிறார். மலூக்கை யாருடைய பிரதிநிதியாகவும் அவர் எண்ணுவதில்லை. எனக்குத் தாங்க முடியாதது இதுதான்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். 2016ல் உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்தருகே, சாதி மாறி மணந்ததற்காகப் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். மறுநாள் உங்கள் அலுவலகத்தில் யாராவது உங்களிடம் வந்து, "உங்கள் ஆட்கள் ஏன் கண்டிப்பதில்லை?" என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அந்தக் கேள்வியை உங்கள் நண்பர் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் பள்ளிப் பருவத்திலிருந்தே எதிர்கொண்டிருப்பார். கோவை குண்டுவெடிப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகள் பலருக்கு இது பழக்கமான கேள்வி. வீடு வாடகைக்குக் கேட்டால் பெயரைக் கேட்டதும் "இப்போதுதான் முடிந்துவிட்டது" என்ற பதில் வருவதும் அவர்களுக்குப் பழக்கம்தான்.

"கொலை கொலைதான்" என்றார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைவிடத் தெளிவான கண்டனம் என்ன இருக்கிறது? அவர் கண்டித்துவிட்டார். நீங்கள் எதிர்பார்த்தது வேறெதையோ. கொஞ்சம் கூனிக் குறுகி, கொஞ்சம் மன்னிப்புக் கேட்டு, நல்ல முஸ்லிம் என்று உங்களிடம் சான்றிதழ் வாங்கிக்கொள்வதை. அப்துல் கலாமைப் போல வீணை வாசித்தால் நம்மவர், தாடி வைத்துத் தொழுகைக்குப் போனால் சந்தேகத்துக்குரியவர் என்று நம்மில் பலர் மனத்தில் ஒரு பரீட்சை வைத்திருக்கிறோம். தாடி வைத்து ஐந்து வேளை தொழுகிறவர் ஒரு கொலையை முழு மனத்தோடு வெறுக்க முடியும் என்பதை நாம் நம்புவதே இல்லை.

2008 மும்பைத் தாக்குதலில் கொல்லப்பட்ட ஒன்பது பயங்கரவாதிகளுக்குக் கபர்ஸ்தானில் இடம் தர மாட்டோம் என்று மறுத்தவர்கள் தொழுகையாளிகள்தான், பள்ளிவாசல் நிர்வாகிகள்தான். இறந்த முஸ்லிமைக் குளிப்பாட்டி, தொழவைத்து, அடக்கம் செய்வது சமூகத்தின் மீது கடமை. அந்தக் கடமையையே அவர்கள் மறுத்தார்கள். உடல்கள் ஓராண்டுக்கும் மேல் பிணவறையில் கிடந்தன.

நண்பரிடம் விளக்கமெல்லாம் சொல்ல வேண்டாம். "அன்று உங்களிடம் அப்படிக் கேட்டது தவறு" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் உடனே சகஜமாகிவிட வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

சித்தப்பாவின் குழுவில் மலூக்கைப் பற்றி எழுதுங்கள். தீர்ப்பு வந்த சில நாட்களில் உயிருக்கு அஞ்சி நெதர்லாந்துக்குப் போனவர் அவர். ஆசியாவின் விடுதலையை எதிர்த்து மறுசீராய்வு மனு விசாரணைக்கு வந்தபோது, 2019 ஜனவரியில், வாதாடுவதற்காக இஸ்லாமாபாத் திரும்பி வந்தார். மனு தள்ளுபடியானது. அந்த ஆண்டு மே மாதம் ஆசியா கனடா போய்ச் சேர்ந்தார். சித்தப்பா என்ன பதில் சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். அவர் விரும்பினால் அவரே நேரடியாக எழுதட்டும், பதில் சொல்கிறேன்.